தரங்கம்பாடியா, காரைக்காலா?

மயிலாடுதுறையில் ஒரே நாள், கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா, இரண்டில் எந்த ஊர் என்று கேட்டிருந்தீர்கள். தரங்கம்பாடிக்கே போங்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை, 1718இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், மாசிலாமணி நாதர் கோயில் எல்லாம் அடுத்தடுத்துதான். அதிகம் நடக்க வேண்டியிருக்காது. அந்தப் பழைய கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அதன் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். அங்கே கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். அம்மா கோட்டைப் படிகளில் ஏற வேண்டாம், கீழிருந்தே கடல் தெரியும்.

அப்புறம், நீங்கள் வருவது ஆனிப் பௌர்ணமி சமயம் என்றால் மட்டும் காரைக்கால். அங்கே நடக்கும் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவை அம்மா கட்டாயம் பார்க்க வேண்டும்.