மூன்று எழுத்துக்கு மூன்று லட்சமா?

கேள்வி: ஓசூர் பக்கம் ரோஜாப் பண்ணை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் பழைய செஸ்னா 172 சிறு விமானம் ஒன்றுக்கு விலை பேசி முன்பணம் கொடுத்துவிட்டேன். அதன் பழைய பதிவு எண்ணையே இங்கும் வைத்துக்கொள்ளலாமா? இல்லையென்றால் பன்னீர் ரோஜா நினைவாக பி.ஏ.என். என்று வேண்டும். இந்திய விமானங்களுக்கு முன்னால் வரும் வி.டி.யையும் சேர்த்துக் கூட்டினால் 6, நல்ல ராசி என்கிறார் ஒரு புரோக்கர். வாங்கித் தர மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த எழுத்துகளை அவரால் வாங்கவே முடியாது.

முதலில் பழைய எண். அத்திப்பள்ளி தாண்டி வந்த கே.ஏ. கார் டி.என். 70 ஆகிற கதைதான் இதுவும். அமெரிக்க விமானம் 'என்' எழுத்தில் தொடங்கும். நம்முடையது வி.டி., பின்னால் மூன்று எழுத்து, எண்ணே கிடையாது. இரண்டு நாட்டில் ஒரே நேரத்தில் பதிவு இருக்கக் கூடாது என்பது 1944 சிகாகோ உடன்படிக்கை. அங்கே பதிவை ரத்து செய்த பிறகுதான் இங்கே பதிவு.

அப்புறம் உங்கள் பன்னீர். விமானி அவசர நிலையில் இருக்கும்போது வானொலியில் 'பான் பான்' (ஆங்கிலத்தில் அதே பி.ஏ.என்.) என்று மூன்று முறை சொல்வார். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 'மேடே', அதற்கு ஒரு படி கீழே இது. கேட்டதும் மற்றவர்கள் பேச்சை நிறுத்தி வழிவிட வேண்டும். அந்த எழுத்துகளையே ஒரு விமானத்துக்குப் பெயராக வைத்தால்? 'பாப்பா, ஆல்ஃபா, நவம்பர் என்று பிரித்துத்தானே சொல்வார்கள்' என்பீர்கள். உண்மைதான், ஆனாலும் சர்வதேச விதி அதைத் தடுக்கிறது. எஸ்.ஓ.எஸ்., டி.டி.டி., மூன்று எக்ஸ், கியூவில் தொடங்கும் மூன்றெழுத்து எல்லாமே இப்படித்தான். இதுகூடத் தெரியாதவர் உங்களுக்கு ராசி பார்க்கிறார்!

பி.என்.ஆர். கேட்டுப் பாருங்கள். ரயில் டிக்கெட் ஞாபகம் வரும், பரவாயில்லை. கூட்டினால் 7, அதற்கும் புரோக்கர் ஒரு பரிகாரம் வைத்திருப்பார். விருப்ப எழுத்து கேட்பது ஒன்றும் ரகசிய வித்தை இல்லை. விஜய் மல்லையாவின் ஏர்பஸ் அவர் பெயரின் எழுத்துகளோடு வி.டி.-வி.ஜே.எம். என்றுதான் பறந்தது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். எழுத்து காலியாக இருக்க வேண்டும். ஒரே நகலை மூன்று தடவை கேட்பார்கள். ஏன் என்று நானும் பல வருடமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் நாலு நகலாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒதுக்கீட்டுக் கடிதம் வருமுன் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஆசையில் முன்கூட்டியே எழுதிவிட்டார், வந்தது வேறு எழுத்து. இறக்கையில் 50 செ.மீ., உடலில் 30 செ.மீ. உயரம். சுரண்டி மறுபடி எழுதுவது சும்மா இல்லை. பெயின்ட் மட்டுமா? பதிவு மாறினால், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரின் 24 பிட் குறியீடு மாறும், விபத்து நேர சிக்னல் கருவியையும் புது அடையாளத்தோடு பதிய வேண்டும், தீயில் உருகாத அடையாளத் தகடும் புதிதாக அடிக்க வேண்டும். மூன்று லட்சத்தை இதற்கு வைத்திருங்கள்.

அதைவிட முக்கியம் வில்லங்கம். நிலம் வாங்கும்போது பார்க்கிறீர்கள் இல்லையா, விமானத்துக்கும் உண்டு. அமெரிக்கப் பதிவகம் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிறது. அங்கே கடன் பதிவாகியிருந்தால், கடன் கொடுத்தவர் சம்மதிக்காமல் ஏற்றுமதிக்காகப் பதிவை ரத்து செய்ய மாட்டார்கள். விமானம் உங்கள் ஓசூர் பக்கத்து பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தைப் பார்க்காது, உங்கள் பணம் மட்டும் அமெரிக்காவில் நிற்கும். மீதிப் பணத்தை அனுப்புமுன் அந்த வில்லங்க அறிக்கையை வாங்கிப் பாருங்கள்.