குறுக்கே வரும் முகம்

கேள்வி: எங்களுக்குத் தரங்கம்பாடிப் பக்கம் ஒரு கடைமடைக் கிராமம். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவர் விட்டுப்போன ஆறு மா நிலத்தை இறால் குட்டை வெட்டுவதற்காக ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். விற்கலாமா என்று நாற்பது நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். கர்த்தர் ஒன்றும் பேசவில்லை. கண்ணை மூடி வேதத்தைத் திறந்தால், ஒருநாள் எரேமியாவில் நிலத்தை வாங்கு என்று வருகிறது. மறுவாரம் மத்தேயுவில் உனக்கு உண்டானவைகளை விற்று என்று வருகிறது. எங்கள் ஜெபக்குழு மூப்பரோ, விற்கும்படி ஆண்டவர் தனக்கு வெளிப்படுத்தினார் என்கிறார். தரகர் அவருடைய மைத்துனர். முழங்காலில் நின்றாலே கொழுந்தனார் முகம்தான் குறுக்கே வருகிறது. அடுத்த வயல் அவருடையது. வரப்புத் தகராறில் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. சாத்தான் என் ஜெபத்தைக் கலைக்கிறான். தேவ சத்தத்தைக் கேட்பது எப்படி?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மூப்பர் விஷயத்தை முடித்துவிடுவோம். தரகர் யாருடைய மைத்துனர் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? தீர்க்கதரிசிகள் பேசினால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். நிதானித்துப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை. உங்கள் நிலத்தைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் அவரிடம் மட்டும் ஆண்டவர் சொல்லியிருப்பாரா என்று மரியாதையாகவே கேட்கலாம்.

அப்புறம், கண்ணை மூடி வேதத்தைத் திறப்பதை விட்டுவிடுங்கள். அது சீட்டுக் குலுக்கிப் போடுகிற வேலை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்துவிட்டு, வசனம் பிடிக்காமல் இன்னொன்று எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை எடுத்திருக்கிறேன்.

ஆனால் திறந்ததுதான் திறந்தீர்கள், அந்த எரேமியா 32ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்திருக்கலாம். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். பங்காளி முறையுள்ள அனாமெயேல் வந்து ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்வான் என்று கர்த்தர் முன்கூட்டியே சொல்கிறார். சொன்னபடி அவன் வந்து நின்ற பிறகுதான், அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன் என்கிறார் எரேமியா. தீர்க்கதரிசிக்கே அவ்வளவு நிதானம். பிறகு 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி முத்திரை போட்டு, அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். பத்திரத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. இதையெல்லாம் முடித்துவிட்டு, நகரமே எதிரி கைக்குப் போகிற நேரத்தில் என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று ஜெபத்தில் கேட்கிறார். முதலில் கீழ்ப்படிதல், புரியாததைக் கேட்டது பிறகு. நாம் பெரும்பாலும் எல்லாம் புரிந்தால் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறோம்.

இப்போது கொழுந்தனார் முகத்துக்கு வருகிறேன். அதைச் சாத்தான் வேலை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். நினைவு வருகிற இடத்தைக் கவனியுங்கள். தெருவிலோ கடையிலோ வரவில்லை, பலிபீடத்துக்கு முன்னால் வருகிறது. அப்படியானால் இந்த நாற்பது நாளும் கர்த்தர் பேசாமல் இருந்தார் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் நிலத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அவர் பக்கத்து நிலத்துக்காரரைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

நம் தமிழில் கேட்பது என்ற சொல்லே மூன்று வேலை செய்கிறது. ஆண்டவரிடம் கேட்கிறோம்; அவர் சத்தத்தைக் கேட்கிறோம்; பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறோம். உங்கள் கடிதத்தில் முதலிரண்டும் நிறைய இருக்கின்றன.

குறையாகச் சொல்லவில்லை. ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு வருடம் பணி மாற்றத்துக்காக வழிநடத்தும் ஆண்டவரே என்று ஜெபித்தவன் நான். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பிரசங்கம் செய்ய வந்தவர். ஆனால் தமிழ்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துப் பழக வேண்டியிருந்தது. காது கொடுத்துப் பழகியதால்தான் பிறகு புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொண்டுவர முடிந்தது. ஜெபத்தில் நாம் பேசுவதைப் பாதியாகக் குறைத்தாலே நல்லது. ஒரு சுவிசேஷத்தை முதலிலிருந்து வரிசையாக வாசியுங்கள், நாளைக்குப் பத்து வசனம் போதும். வாசித்த பின் கொஞ்ச நேரம் விண்ணப்பம் எதுவும் வைக்காமல் சும்மா உட்காருங்கள்.

சரி, நிலம்? இறால் குட்டையின் உப்புத்தண்ணீர் வரப்போடு நின்றுவிடாது. அடுத்த வயலுக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் இறங்கும். நாகைப் பக்கம் காந்தியவாதி ஜெகந்நாதன் இதை எதிர்த்துப் போராடி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த அடுத்த வயல் யாருடையது? பிறனை நேசி என்ற கட்டளை ஏற்கெனவே கையில் இருக்கும்போது, இதற்கென்று தனியாக ஒரு வெளிப்பாடு வேண்டுமா என்று யோசியுங்கள். இறாலுக்கு விற்காதீர்கள் என்பது என் கருத்து. நெல் விவசாயம் செய்கிறவர் யாராவது கேட்டால், அது ஆண்டவர் உங்கள் புத்திக்கே விட்ட விஷயமாகவும் இருக்கலாம். விற்றாலும் பாவமில்லை, வைத்திருந்தாலும் பாவமில்லை. கொழுந்தனாரையே முதலில் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் வாங்கும் எண்ணம் இருக்கலாம்.

அவர் வீட்டுக்குப் போகும்போது வரப்பு யாருடையது என்ற பேச்சை எடுக்காதீர்கள். அண்ணன் போனபின் உங்களோடு பேசாமல் இருந்தது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடும். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் மேட்டூர்த் தண்ணீர் உங்கள் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் போய்விடுங்கள். வந்துவிட்டால் வரப்பில் வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும். அங்கே இரண்டு பக்கமும் கையில் மண்வெட்டி இருக்கும்.