சரக்கு சொன்ன நாளில் வராதபோது: கேள்வி பதில்

கேள்வி (திருப்பூர்): சார், ஜிப்பர் சீனாவிலிருந்து வாங்குகிறோம். 35 நாள் என்கிறார்கள். ஒரு தடவை 28 நாளில் வருகிறது, இன்னொரு தடவை 45 ஆகிறது. தினம் 1,000 பீஸ் ஓடும். எவ்வளவு ஸ்டாக் வைக்கணும்?

பதில்: தினசரித் தேவையின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாகக் கூடிக் குறையும் அளவு) 200 பீஸ், வந்து சேரும் காலத்தின் திட்ட விலக்கம் 7 நாள் என்று வைத்துக்கொள்வோம். 200-இன் வர்க்கத்தை 35-ஆல் பெருக்கினால் 14 லட்சம். 1,000-இன் வர்க்கத்தை 7-இன் வர்க்கத்தால் பெருக்கினால் 4.9 கோடி. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 7,100. அதை 1.65-ஆல் (95 சதவீத உறுதிக்கான பெருக்கெண்) பெருக்கினால் 11,700. நூறு ஆர்டரில் 95 தடவை லைன் நிற்காமல் ஓட இந்தப் பாதுகாப்பு இருப்பு வேண்டும். 35 நாள் தேவை 35,000, அதோடு இந்த 11,700: கையில் இருப்பதும் ஆர்டரில் இருப்பதும் சேர்ந்து 46,700-க்கு இறங்கியதும் அடுத்த ஆர்டரைப் போட்டுவிடுங்கள்.

அந்த 14 லட்சத்தையும் 4.9 கோடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேகமான கப்பலுக்குக் கூடுதல் காசு கொடுத்து 35 நாளை 25 ஆக்கினாலும் பாதுகாப்பு இருப்பு ஏறக்குறைய அதே 11,700தான். வழியில் கிடக்கும் சரக்கு 10,000 பீஸ் குறையும், அவ்வளவே. விலக்கம் 7-இலிருந்து 3 ஆனால் 5,300 போதும். நாள் குறைவதைவிட, சொன்ன நாளில் வருவதுதான் பெரிய லாபம்.

கேள்வி: அந்த 7-ஐ எப்படிக் குறைப்பது சார்?

பதில்: கடைசிப் பத்து ஆர்டருக்கும் ஐந்து தேதிகளை எழுதுங்கள்: ஆர்டர் போட்டது, ஆலையை விட்டது, கப்பல் ஏறியது, தூத்துக்குடி வந்தது, கஸ்டம்ஸ் முடிந்து வெளியே வந்தது. எந்த இடைவெளி அதிகம் கூடிக் குறைகிறதோ அங்கே கை வையுங்கள். கொழும்பில் ஃபீடரை (அங்கிருந்து தூத்துக்குடிக்கு வரும் சிறிய இணைப்புக் கப்பலை) தவறவிட்டால் அடுத்த கப்பல்வரை கன்டெய்னர் அங்கேயே கிடக்கும். புக்கிங்கின்போதே இணைப்புக் கப்பலின் பெயர், தேதி கேட்டு வாங்குங்கள். சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில் வரும். விடுமுறை முடிந்தும் ஆட்கள் உடனே முழுதாகத் திரும்ப மாட்டார்கள். அந்தக் காலத்துக்கான சரக்கை டிசம்பரிலேயே ஏற்றிவிடணும்.

கேள்வி (கோவை): அண்ணா, இரண்டு சப்ளையர் வைத்தும் இருவரும் ஒரே வாரத்தில் கைவிரித்துவிட்டார்கள். எப்படி?

பதில்: இருவரும் ஒரே இடத்தில் மூலப்பொருள் வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். 2011 மார்ச்சில் ஜப்பான் நிலநடுக்கத்தின்போது இதுதான் நடந்தது. கார் பெயின்டுக்கு மினுமினுப்புத் தரும் ஸிராலிக் நிறமி, மெர்க் நிறுவனத்தின் ஓனஹாமா ஆலையில் மட்டுமே தயாரானது. ஆலை நின்றதும் ஃபோர்டு சில நிறங்களுக்கு ஆர்டர் எடுப்பதையே கட்டுப்படுத்தியது. ஆகவே சப்ளையரிடம் விலைக்கு முன்னால் கேளுங்கள்: மூலப்பொருள் எந்த ஆலை, எந்த ஊர், எந்தத் துறைமுகம்? இரண்டாமவருக்கும் தொடர்ந்து 20, 30 சதவீத ஆர்டர் கொடுங்கள். ஆர்டரே பார்க்காதவர் அவசரத்துக்கு உங்களுக்காக மெஷினை ஒதுக்க மாட்டார்.

கேள்வி (கரூர்): எஃப்ஓபி தூத்துக்குடி என்ற விற்பனை நிபந்தனையில் விற்கிறோம். யார்டில் நிற்கும்போது சரக்கு நனைந்தால் யார் பொறுப்பு?

பதில்: நீங்கள்தான். எஃப்ஓபியில் சரக்கு கப்பலில் ஏறும்வரை ஆபத்து விற்பவருடையது. கன்டெய்னர் சரக்குக்கு எஃப்சிஏ என்ற நிபந்தனை பொருத்தம்: குறித்த இடத்தில் கப்பல் கம்பெனியிடம் ஒப்படைத்ததும் உங்கள் பொறுப்பு முடியும். பையர் சம்மதிக்காவிட்டால் குடோனிலிருந்து கப்பல் ஏறும்வரை இன்சூரன்ஸ் எடுங்கள்.

கேள்வி (கரூர்): ஹாம்பர்க் போன டவல்களில் பூஞ்சை. கன்டெய்னரில் ஓட்டை இல்லையே?

பதில்: தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. பருத்தி தன் உலர் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை இயல்பாகவே பிடித்து வைக்கும். 10 டன்னுக்கு 850 கிலோ. வெளியே குளிர்ந்ததும் அந்த ஈரம் கூரைத் தகட்டில் திரண்டு அட்டைப்பெட்டிமேல் சொட்டும். அயர்ன் சூடு முழுக்க ஆறாமல் பேக் செய்யாதீர்கள். ஈரப் பேலட்டை உள்ளே ஏற்றாதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளைப் பக்கச் சுவர்களில் தொங்கவிட்டு, மேல் அடுக்குமீது கிராஃப்ட் பேப்பர் விரியுங்கள். பாலிதீன் விரித்தால் கீழிருந்து எழும் ஈரம் அதனடியிலேயே தங்கிவிடும்.