கல் அப்பமாகாத இடம்

அன்புள்ள ஐயா,

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலத்தில் எங்கள் சபையில் வேதபாட வகுப்பு நடந்தது. மத்தேயு 4ஆம் அதிகாரம், வனாந்தரச் சோதனை: நாற்பது நாள் உபவாசித்துப் பசித்திருந்த இயேசுவிடம் பிசாசு வந்து, கல்லை அப்பமாக்கச் சொல்லும் இடம். 'தேவன் பொல்லாங்கினால் சோதிக்கப்படுகிறவரல்ல' என்கிறது யாக்கோபு 1:13. இயேசுவோ 'எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும்' பாவமில்லாதவர் என்கிறது எபிரெயர் 4:15. அவர் தேவன் என்றால் அந்தச் சோதனை நாடகம்தானே? நாடகம் இல்லையென்றால் அவர் எப்படித் தேவன்? வகுப்பு எடுத்தவர் 'மனிதனாகச் சோதிக்கப்பட்டார், தேவனாக அல்ல' என்று சொல்லிவிட்டு ஜெபத்துக்குப் போய்விட்டார். எனக்கு ஆறவில்லை.

ஜெ.

அன்புள்ள ஜெ.,

அவர் சொன்னது தப்பில்லை. 451இல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய கல்சேதோன் சங்கம் வகுத்ததும் ஏறக்குறைய அதுதான்: ஒரே ஆள், இரண்டு இயல்புகள், அவை கலப்பதுமில்லை, பிரிவதுமில்லை. ஆனால் பசி இயல்புக்கு எடுப்பதில்லை, ஆளுக்குத்தான் எடுக்கிறது. உங்களுக்கு ஆறாமல் போனது நியாயம்தான்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். கிரேக்க மூலத்தில் வரும் 'பெய்ராசோ' என்ற வினைக்குப் பரீட்சித்துப் பார்ப்பது, தீமைக்கு இழுப்பது என்று இரண்டு பொருளும் உண்டு. நம்முடைய 'சோதனை'யும் அப்படியே. ஆபிரகாமைச் சோதித்தவர் தேவன், வனாந்தரத்தில் சோதித்தவன் பிசாசு. யாக்கோபு எதைச் சொல்கிறார் என்பது அடுத்த வசனத்திலேயே இருக்கிறது: 'சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு.' அது உள்ளிருந்து வருவது. இயேசுவிடம் வந்தது வெளியிலிருந்து.

போன மாதம் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். டோக்கன் எண் நகரவே இல்லை. பக்கத்துக் கடையில் வடை எண்ணெயில் விழும் சத்தம் கேட்டு வாயில் எச்சில் ஊறியது. அதற்காக நான் சாப்பிட்டுவிட்டேன் என்று யாராவது சொல்வார்களா? போப் பெரிய கிரகோரியார் இதை மூன்று படியாகப் பிரித்தார்: தூண்டுதல், அதில் இன்பம் காணல், சம்மதம். கிறிஸ்துவுக்கு நேர்ந்தது முதல் படி மட்டுமே என்றார். கச்சிதமான பகுப்பு. எனக்குக் கொஞ்சம் அதிகக் கச்சிதம். பிடிபடுவதற்குச் சற்று முன் கெத்செமனே தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து 'இந்தப் பாத்திரம் நீங்கும்படி செய்யும்' என்று மன்றாடியவரை அதில் அடைக்க முடியுமா?

அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவர் மாக்சிமஸ் என்ற துறவி. அதே ஜெபத்தில் 'என் சித்தத்தின்படியல்ல' என்று ஒருவர் சொன்னால், அவருக்கென்று ஒரு மனித சித்தம் நிஜமாகவே இருக்க வேண்டும். சாவைக் கண்டு உடம்பு பின்வாங்குவது பாவமல்ல, உயிருள்ளதன் இயல்பு என்றார். அன்றைய பைசாந்தியப் பேரரசரின் தரப்புக்கோ கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான். மாக்சிமஸின் நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள். 662இல் இறந்தார். 681இல் முடிந்த கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் இரண்டு சித்தம் என்றே தீர்த்தது. நாடகமா, நிஜமா என்ற உங்கள் கேள்வி அன்று அவ்வளவு பெரிய வழக்கு.

சரி, விழவே முடியாதவருக்குச் சோதனை எப்படி வலிக்கும்? கண்மாய்க் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வெள்ளத்திலேயே உடைகிற கரைக்குத் தண்ணீரின் முழுப் பாரம் தெரியாது. உடையாத கரைதான் கடைசிவரை தாங்குகிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கல்தான். நாற்பது நாள் பட்டினி கிடந்த என்னிடம் வந்து, 'இந்தக் கல்லை அப்பமாக்கு' என்றால் சிரிப்பேன். சிரிக்கத் தெம்பில்லை என்றால் முறைப்பேன். எனக்கு அது சோதனையே இல்லை. செய்ய முடிந்தவருக்குத்தான் அது சோதனை. அப்பம் கெட்ட பொருளும் இல்லை. பிற்பாடு இதே கைதான் ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்டது. பிறருக்கு அப்பம் தருவது வேறு. தன் பசியிலிருந்து மட்டும் நழுவிக்கொள்வது வேறு. மனிதனாக வந்துவிட்டு, மனிதனுக்கு இல்லாத வழியில் வெளியேறச் சொல்கிறான் பிசாசு. தெய்வத்தன்மை அங்கே கேடயமாக இல்லை, அடியே அதன் மேல்தான் விழுகிறது. நீங்கள் 'தேவன் என்றால் நாடகம்' என்கிறீர்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது: தேவன் இல்லையென்றால்தான் அந்தக் காட்சி நாடகம்.

மத்தேயுவில் அதே பேச்சு மறுபடியும் வருகிறது. வனாந்தரத்தில் 'நீர் தேவனுடைய குமாரனேயானால்' என்று மரியாதையாகவே ஆரம்பிக்கிறான் சோதனைக்காரன். 27:40இல் சிலுவையைக் கடந்து போகிறவர்கள், 'நீ தேவனுடைய குமாரனானால் சிலுவையிலிருந்து இறங்கி வா' என்கிறார்கள். கிரேக்கத்தில் நீர், நீ என்ற வித்தியாசம் கிடையாது, நம் மொழிபெயர்ப்பாளர்கள் போட்டது. பிசாசு கொடுத்த மரியாதையைக்கூட வழிப்போக்கர்கள் கொடுக்கவில்லை. அடுத்த வகுப்பில் இரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஜெபத்துக்கு அப்புறம் போகலாம்.