அடி இடிக்கும் பழைய காருக்கு 38,000 ரூபாயா?

கேள்வி: என்னிடம் 2012-ல் வாங்கிய ஸ்விஃப்ட் இருக்கிறது. நான்கு பேர் ஏறினால் வேகத்தடையில் அடிப்பாகம் இடிக்கிறது. சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் தூக்கிப் பெரிய டயர் போட 38,000 ரூபாய் கேட்கிறார்கள். கிரெடிட் கார்டு தவணையில் செய்யலாமா? காப்பீட்டில் காரின் மதிப்பு 1,60,000 ரூபாய்.

பதில்: வேண்டாம். காரின் மதிப்பில் ஏறத்தாழ கால்பங்கை அதன் உயரத்துக்காகக் கொட்டுகிறீர்கள். விற்கும்போது அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. கார்டு தவணையில் வட்டியோடு, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும்.

வாங்கிய புதிதில் இதே நான்கு பேரோடு போனபோது இடித்ததா? அன்று ஆளில்லாத வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் 170 மி.மீ. இடைவெளி இருந்தது. அப்போது இடிக்கவில்லை என்றால், வண்டியைத் தாங்கும் காயில் ஸ்பிரிங்குகள் (சுருள் வில்கள்) இத்தனை ஆண்டுச் சுமையில் தளர்ந்து அமர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப்பால் அளந்து, நல்ல நிலையிலுள்ள இன்னொரு ஸ்விஃப்டோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் நிறுவனத்தின் அசல் ஸ்பிரிங்குகளை ஜோடியாக மாற்றுங்கள். ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ்களையும் அப்போதே பார்த்துவிடலாம். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையே ரப்பர் துண்டைச் செருகும் மலிவு வேலை மட்டும் வேண்டாம். வண்டி தூக்கிப் போடும்.

இரண்டு அங்குலம் தூக்கினால் செலவு 38,000-த்தோடு நிற்காது. என்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்த கோணத்தில் சுழன்று, அதன் இணைப்புகள் சீக்கிரம் தேயும். சக்கரங்கள் நேராக நிற்கும் கோணம், அதாவது அலைன்மென்ட், தவறினால் புது டயர் ஒரு பக்கமாகத் தேயும். பெரிய டயரால் மைலேஜ் குறையும்; ஸ்பீடோமீட்டரும் உண்மையைவிடக் குறைந்த வேகத்தைக் காட்டும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது சட்டம். பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதி செய்தது. ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு, சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். 2027-ல் உங்கள் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு நிறைகிறது. பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது, தூக்கிய சஸ்பென்ஷனை மறைக்க முடியாது.

பழைய காரின் பழுதுக்கு அதன் மதிப்பில் பத்து சதவீதம் என்பது நான் வைத்திருக்கும் வரம்பு. உங்களுக்கு 16,000 ரூபாய். அதற்குள் ஸ்பிரிங் வேலை முடிந்தால் கையிலிருக்கும் பணத்தில் செய்யுங்கள். மீதி 22,000-த்தைப் புதுப்பிப்புக் கட்டணத்துக்கும் அடுத்த காப்பீட்டு பிரீமியத்துக்கும் தொடர் வைப்பில் இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள்.