கேளுங்கள், சொல்கிறோம்: நெல்சனின் கண்ணும் கூரைப் பூனையும்

கேள்வி: ஆங்கிலத்தில் 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்றால் ஒரு விஷயம் நம் கவனத்துக்கு வராமல் போவதா? எங்கிருந்து வந்தது இது?

பதில்: இல்லை, நன்றாகத் தெரிந்தும் கண்டும் காணாமல் இருந்துவிடுவது. தேர்வு அறையில் ஒரு மாணவன் காப்பி அடிப்பது கண்காணிப்பாளர் கண்ணில் படவே இல்லை என்றால் இந்தத் தொடர் அங்கே செல்லாது, பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் செல்லும். இந்த வித்தியாசம்தான் முக்கியம், பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இதை ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனோடு சேர்த்துச் சொல்வார்கள். 1794 இல் கோர்சிகா தீவின் கால்வி முற்றுகையில் அவருக்கு வலது கண் பார்வை போய்விட்டது. அப்புறம் 1801 ஏப்ரலில் கோபன்ஹேகன் கடற்போர் மும்முரமாக நடக்கும்போது, மேலதிகாரி ஹைட் பார்க்கர் சண்டையை நிறுத்தச் சொல்லிக் கொடி ஏற்றுகிறார், நெல்சனோ தொலைநோக்கியைப் பார்வையில்லாத கண்ணில் வைத்துக்கொண்டு 'எனக்குக் கொடி எதுவும் தெரியவில்லையே' என்றாராம். தொலைநோக்கிக் காட்சி பிற்பாடு சேர்ந்த மெருகாக இருக்கலாம். கொடி ஏறிய பிறகும் அவர் சண்டையைத் தொடர்ந்ததும் வென்றதும் வரலாறு.

கேள்வி: பழைய காலத்தில் ஓலைக் கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வந்ததாமே?

பதில்: நம்பாதீர்கள். 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றிய கட்டுக்கதை அது, இன்றும் ஓயவில்லை. நாய் கூரைமேல் ஏறிப் படுக்குமா, அதுவும் கொட்டுகிற மழையில்? உண்மையான தோற்றம் இன்றுவரை யாராலும் நிரூபிக்கப்படவில்லை. பொருள் அடைமழை, அவ்வளவுதான். ஆனால் பேச்சில் இப்போது இதைப் பெரும்பாலும் 'இட்ஸ் போரிங்' (It's pouring) என்றே சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

கேள்வி: 'ரீட் தி ரயட் ஆக்ட்' என்கிறார்களே, அப்படி ஒரு சட்டம் இருந்ததா?

பதில்: இருந்தது. 1715 இல் பிரிட்டனில் அமலுக்கு வந்தது. 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால் அதிகாரி சட்ட வாசகத்தை உரக்கப் படிப்பார், ஒரு மணி நேரத்துக்குள் கலையாதவர்களுக்கு மரண தண்டனைகூட உண்டு. இன்று கடுமையாகக் கண்டித்து எச்சரிப்பதற்குச் சொல்கிறோம்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் இந்த மாதிரி ஆங்கிலத் தொடர்களைப் பயன்படுத்தலாமா?

பதில்: ஒன்றிரண்டு, அதுவும் தானாக வாயில் வந்தால் சரி. 'பேக் டு தி டிராயிங் போர்டு' (மறுபடி முதலிலிருந்து தொடங்குவது) போன்றவை அலுவலகப் பேச்சில் இயல்பாக இருக்கும். 'பீஸ் ஆஃப் கேக்' (மிகச் சுலபமான வேலை) நண்பர்களிடம் மட்டும்.