குளிரில் கல்லாகாத சாப்பாட்டுப் பெட்டி

தங்கச்சி, திருச்சியிலிருந்து நுவரெலியாவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, மகனுக்குக் கட்டிக் கொடுக்கிற இட்லி கல்லாகத் திரும்பி வருகிறது, பாணும் (நம் ஊர் பிரெட்) ஜாமும் கொடுத்தாலும் பாதியில் வைத்துவிடுகிறான், இங்கே உள்ளவர்கள் பிள்ளைகளுக்கு என்னதான் கொடுத்து அனுப்புகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். முட்டையில் செய்கிற குட்டிக் கீஷ் பற்றி எங்கோ படித்ததாகவும், ஆனால் வீட்டில் ஓவன் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஓவன் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஊரிலிருந்து இட்லிக் கொப்பரை கொண்டுவந்திருப்பீர்களே, அது போதும்.

நானும் வந்தவள்தான். பிறந்தது கோத்தகிரி. தாத்தா குடும்பம் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறிப் போய், நீலகிரியில் டேன்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அங்கே எங்களை 'சிலோன்காரங்க' என்பார்கள். சொந்தத்திலேயே கல்யாணமாகி 14 வருடத்துக்கு முன்பு இங்கே வந்தேன். வந்த மறுநாளே 'இந்தியாக்காரி' ஆகிவிட்டேன். குளிர் எனக்குப் புதிதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கட்டுவது புதிது. நாங்கள் படித்த காலத்தில் சத்துணவுதான், மத்தியானம் சூடாகத் தட்டில் விழும், முட்டையும் கிடைக்கும். பெட்டியில் அடைத்துக் கொடுத்தால் சாப்பாடு என்ன ஆகும் என்பதை என் பிள்ளைகளை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் பிள்ளைகளின் பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விட்டுவிடும். இடைவேளை பத்தரை மணி வாக்கில். நம் ஊர்ப் பழக்கத்தில் மதியச் சாப்பாடு என்று நினைத்து நான் சாம்பார் சாதம் கட்டினேன். பிள்ளைக்கு அங்கே சோறு பிசைந்து சாப்பிட நேரமும் இல்லை, மனசும் இல்லை. விளையாடப் போகிற அவசரத்தில் கையில் எடுத்து நாலு வாயில் முடிக்கிற பண்டம்தான் சரி. வீட்டுக்கு வந்ததும் சூடாகச் சோறு கொடுத்துக்கொள்ளலாம். தோட்டத்துப் பிள்ளைகள் ரொட்டியும் சம்பலும் கொண்டுவருவார்கள், நகரத்துப் பிள்ளைகள் ரோல்ஸ், மீன் அடைத்த மாலுப்பாண், பாணுக்குள் சீனிச்சம்பல் (சீனி போட்டு வதக்கிய வெங்காயம்). யாரும் குழம்பு கொண்டுவருவதில்லை.

இட்லி கல்லாவதற்கு உங்கள் கைப்பக்குவம் காரணமில்லை. அரிசி மாவு ஆறினாலே இறுகும், குளிரில் இன்னும் சீக்கிரம் இறுகும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசிக் காலையில் புல்லில் உறைபனி கிடக்கும். மாவு புளிக்கவே ஒன்றரை நாள் எடுக்கும் ஊரில் இட்லியோடு மல்லுக்கட்ட வேண்டாம். முட்டை அப்படி இல்லை, ஆறினாலும் மிருதுவாகவே இருக்கும். கீஷ் என்பது பிரான்ஸில் லொரேன் பக்கத்துப் பண்டம். மாவு ஓட்டுக்குள் முட்டையும் பாலும் ஊற்றி வேகவைப்பார்கள். ஆறியதைத் துண்டு போட்டுச் சாப்பிடுவது அங்கே சாதாரணம். அதனால்தான் பெட்டிக்கு இது பொருந்துகிறது.

எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'முட்டைக் கிண்ணம்'. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. இரண்டு பேரும் சேர்ந்து செய்வது போயா என்கிற பௌர்ணமி விடுமுறையிலும் ஞாயிறு மாலையிலும். 12 கிண்ணத்துக்கு 6 முட்டை, அரைக் கப் பால், கால் தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், துருவிய சீஸ் ஒரு கைப்பிடி, வதக்கிய மரக்கறி ஒரு கப். அவ்வளவுதான். பாலைக் கூட்டினால் நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தட்டில் வைத்துக் கரண்டியால் சாப்பிட அது சரி. கையில் பிடித்துச் சாப்பிட இறுக்கமாக இருக்க வேண்டும்.

மரக்கறிதான் இந்த ஊரின் வசதி. கடையில் கேட்கும்போது பீன்ஸ் என்றால் போஞ்சி, முட்டைக்கோஸ் என்றால் கோவா, பச்சை மிளகாயைச் சிலர் கொச்சிக்காய் என்பார்கள். லீக்ஸ் நம் ஊரில் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள், இங்கே மலிவு. வெங்காயத்துக்கு அண்ணன் மாதிரி இருக்கும், காரம் குறைவு, முட்டையோடு அதைப்போலச் சேர்வது வேறொன்றில்லை. ஆனால் அதன் மடிப்புக்குள் மண் ஒளிந்திருக்கும். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பச்சைத்தண்ணி நிறைந்த பேசினில் விரித்து அலசுங்கள். முதல் தடவை நான் அப்படியே நறுக்கிப் போட்டு, கடித்த வாயெல்லாம் நறநற. மகன் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

லீக்ஸை மெல்லிசாக நறுக்கி, கொஞ்சம் மாஜரினில் தண்ணீர் வற்றும்வரை வதக்கி ஆறவிட வேண்டும். கரட்டைத் துருவிக் கையால் ஒருமுறை பிழியுங்கள். தக்காளி வேண்டவே வேண்டாம். ஈரம் இருந்தால் முட்டை தண்ணீர் விட்டு, பெட்டிக்குள் ஊறிப்போகும்.

பிள்ளைகள் வேலை இதிலிருந்து தொடங்குகிறது. முட்டையை நேராகப் பாத்திரத்தில் உடைக்க விடாதீர்கள். ஒவ்வொன்றையும் முதலில் தேத்தண்ணிக் கோப்பையில் உடைக்கச் சொல்லுங்கள். ஓடு விழுந்தால் ஒரு முட்டையோடு போகும். விழுந்த துண்டை விரலால் துரத்தினால் வழுக்கிக்கொண்டே ஓடும். உடைந்த ஓட்டின் பாதியைக் கரண்டி மாதிரி பிடித்து அள்ளினால் வந்துவிடும். என் மகள் இதைக் கண்டுகொண்ட நாளில், வேண்டுமென்றே ஓட்டைப் போட்டு அள்ளிக் காட்டிக்கொண்டிருந்தாள். முட்டை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது மட்டும் கண்டிப்பு. சின்னவன் கிண்ணங்களுக்கு எண்ணெய் பூசி, மரக்கறியும் சீஸும் பங்கு வைப்பான். அவன் பெட்டிக்குப் போகிற இரண்டில் மட்டும் சீஸ் மலைபோல இருக்கும். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

இப்போது வேகவைப்பது. இட்லித் தட்டில் துளை இருந்தால் முட்டை ஒழுகிவிடும், துளையில்லாத தட்டு அல்லது சின்ன எவர்சில்வர் கிண்ணம் எடுங்கள். முக்கால் அளவுக்கு ஊற்றினால் போதும். தண்ணீர் கொதித்த பிறகு உள்ளே வைத்து, நெருப்பைக் குறைத்து, மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய துணி கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியில் சேர்கிற நீர் சொட்டி மேலெல்லாம் குழி விழும். 10 முதல் 12 நிமிடம். நடுவில் குச்சி குத்தினால் ஈரமில்லாமல் வர வேண்டும். நெருப்பு அதிகமானால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டையாகி ரப்பராகும். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. முட்டை அவிக்கவும் பருப்பு வேகவும் கூடுதல் நேரம் எடுப்பது அதனால்தான். ஆனால் இந்தப் பண்டத்துக்கு மிதமான ஆவிதான் வேண்டும், ஆகவே நம் பக்கம் லாபம். பின்னால் ஓவன் வாங்கினால் 180 டிகிரியில் 20 நிமிடம். ஊதிக்கொண்டு வெளியே வரும், இரண்டு நிமிடத்தில் அமுங்கிவிடும். பிள்ளை அழுதால் அது அப்படித்தான் என்று சொல்லுங்கள்.

கீஷுக்கு இருப்பது போல வெளியே மாவு ஓடு வேண்டுமென்றாலும் மா பிசைய வேண்டாம். அச்சுப் பாண் துண்டின் ஓரத்தை வெட்டி, பூரிக்கட்டையால் தட்டையாக உருட்டி, எண்ணெய் பூசிய கிண்ணத்துக்குள் அமுக்குங்கள். ஓவனில் இது மொறுமொறுப்பாக வரும். ஆவியில் செய்தால் கொழகொழவென்று ஆகும், அப்போது பாண் இல்லாமலே செய்யுங்கள்.

அப்புறம், பெட்டி கட்டுவது. இதில்தான் நான் நன்றாக அடி வாங்கினேன். காலையில் செய்ததைச் சூட்டோடு அடைத்து மூடி அனுப்பினேன். பத்தரைக்குத் திறந்தபோது வியர்த்து, ஒரு மாதிரி வாடை வந்திருக்கிறது. பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்திருக்கிறார்கள். மகள் ஒரு வாரம் முட்டை பக்கமே வரவில்லை. இப்போது முந்தின நாள் மாலையே செய்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் சூடு காட்டாமல், குளிர்ந்தபடியே பெட்டியில் வைத்து, பக்கத்தில் ராத்திரி உறையவைத்த ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல். ஊர் குளிராக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், முட்டைக்கு இந்தக் குளிர் போதாது. சமைத்த முட்டையைச் சாதாரணமாக 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. அந்தப் போத்தல் இடைவேளைக்குள் கரைந்து, குடிக்கவும் ஆகிவிடும். ஃப்ரிட்ஜில் 3 நாளைக்கு மேல் நான் வைப்பதில்லை. ஞாயிறு செய்தால் புதனோடு சரி.

விலையையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் இங்கே முட்டைத் தட்டுப்பாடு வந்து இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்தார்கள். அந்தச் சமயத்தில் நான் 4 முட்டையோடு அவித்து மசித்த ஓர் உருளைக்கிழங்கைச் சேர்த்துச் செய்தேன். பிள்ளைகள் அதைத்தான் இன்னும் கேட்கிறார்கள், எனவே மாதக் கடைசியில் தயங்காமல் அப்படிச் செய்யுங்கள்.

உங்கள் மகன் முதல் தடவை சாப்பிடுவானா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் முட்டையை அவன் உடைத்திருந்தால் பெட்டியைத் திறந்தாவது பார்ப்பான். முதல் நாள் இரண்டு மட்டும் வையுங்கள், கூடப் படிக்கிறவனுக்குக் கொடுக்க இன்னொன்று. என் மகன் அப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான் தோட்டத்துப் பையன் ஒருவனிடமிருந்து தினமும் தேங்காய் ரொட்டி வாங்கிச் சாப்பிடுகிறான். அந்த ரொட்டி என் கைக்கு இன்னும் வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வேறு ஏதாவது யோசித்துக்கொள்ளுங்கள். இங்கே பல வீடுகளில் அன்று முட்டையும் சேர்ப்பதில்லை, நீங்கள் சேர்த்தாலும் பையனின் கூட்டாளிகள் சேர்க்க மாட்டார்கள். நான் அன்றைக்குப் போஞ்சியும் கிழங்கும் பிரட்டி, ரொட்டிக்குள் சுருட்டிக் கொடுத்துவிடுவேன்.